அரை மில்லி கொசுறு

எண்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. பள்ளியில் பத்து என்று எழுதி அதன் தலையில் ஒரு குட்டி எண்ணை ஏற்றி உட்காரவைத்து, இதுதான் அறிவியல் குறியீடு என்று சொன்னபோது, வேலை வெட்டி இல்லாத யாரோ கண்டுபிடித்தது என்றுதான் நினைத்தேன். சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எழுதச் சொல்வார்கள், எழுதுவேன். அன்றைக்கு என் கவலை எல்லாம் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிப்பேனா மாட்டேனா என்பதுதான். சூரியன் எங்கே போய்விடப்போகிறது?

இப்போது அந்தக் குட்டி எண் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட விடிவதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறால் குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரியில் ஆறு வருடமாக லேபில் வேலை செய்கிறேன். எங்கள் ரிஜிஸ்டரில் கட்டங்கள் விரற்கடை அகலம்தான். அதற்குள் ஒரு தொட்டியில் இருக்கும் குஞ்சுகளை எழுத வேண்டும், நான்கு லட்சம். ஒரு மில்லி தண்ணீரில் இருக்கும் கிருமிகளை எழுத வேண்டும், அதுவும் லட்சக்கணக்கில். ஒரே ஒரு குஞ்சின் எடையையும் எழுத வேண்டும், அது ஒரு கிராமில் ஆயிரத்தில் நாலு பங்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பூஜ்ஜியங்களாக எழுதித் தள்ளினேன். ஒருநாள் ஒரு பூஜ்ஜியத்தை விழுங்கிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு பள்ளியில் படித்ததைத் தூசி தட்டி எடுத்தேன். 4 × 10⁵, முடிந்தது. 4 × 10⁻³, அதுவும் முடிந்தது. பூஜ்ஜியங்களை விரல்விட்டு எண்ண வேண்டாம், தலையில் இருப்பதைப் பார்த்தால் போதும். பெரியது எது, சிறியது எது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நானே கண்டுபிடித்தது போல அவ்வளவு பெருமை எனக்கு.

போன வருடம் லேபில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, என் அண்ணியைச் சேர்த்துவிட்டேன். என் அண்ணனின் மனைவி, என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். எங்கள் வீட்டில் எல்லோரையும் போல அவரும் ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் இறால் இடித்த நொடியில் அமுக்கிப் பறிக்குள் போட வேண்டும். நான் படிப்பைச் சாக்கு வைத்து அதிலிருந்து தப்பித்தவள். அண்ணி தப்பிக்கவில்லை. ஆனால் அவர் கைக்கு எங்கள் குப்பத்தில் இணை கிடையாது, என்னைப் பெற்ற நைனாவே அதை ஒப்புக்கொள்வார். வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டதும், வருடம் பூராவும் ஈரத்தில் குந்தியிருந்தது போதும், கொஞ்ச நாள் காய்ந்த தரையில் நிற்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வந்த முதல் நாளே ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, பத்தின் தலையில் இருப்பது என்ன என்று கேட்டார். அத்தனை பூஜ்ஜியம் என்றேன். அவருக்கு அது பேன் போலத் தெரிந்ததாம். அன்றிலிருந்து எங்கள் லேபில் அதற்குப் பேன் என்றே பெயர். இந்தத் தொட்டிக்கு எத்தனை பேன் பாப்பா என்பார், நான் அஞ்சு என்பேன். கழித்தல் குறியோடு வருவது ஈர். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவருடைய முக்கியமான வேலை தண்ணீரை நீர்க்க வைப்பது. தொட்டித் தண்ணீரில் கிருமிகள் லட்சக்கணக்கில் இருக்கும், அப்படியே வளர்த்தால் எண்ண முடியாது. அதனால் நான்கு கண்ணாடிக் குழாய்களில் ஒன்பது ஒன்பது மில்லி கிருமியில்லாத உப்புத் தண்ணீர் வைத்திருப்போம். தொட்டித் தண்ணீர் ஒரு மில்லியை முதல் குழாயில் விட்டால் பத்தில் ஒன்றாக நீர்த்துப்போகும். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து இரண்டாவதில் விட்டால் நூறில் ஒன்று. இப்படியே நான்காவது குழாய்க்கு வரும்போது பத்தாயிரத்தில் ஒன்று. அதில் ஒரு மில்லியை நான் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றி ஒரு நாள் வைப்பேன். ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணி, நான்கு பேன் சேர்த்தால் கணக்கு வந்துவிடும்.

இதை அண்ணிக்கு நான் ஒரே ஒரு முறை செய்து காட்டினேன். ஒரு முறைதான். எனக்கு ஒன்றை இரண்டாவது தடவை சொல்லிக்கொடுக்கும் பொறுமை கிடையாது, யாராவது மறுபடி கேட்டால் சுள்ளென்று வரும். அண்ணிக்கு அது தெரியும், கேட்கவில்லை. தலையாட்டினார். கை வேலை என்றால் அண்ணி என்று நானும் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

எங்களிடம் அப்போது ஏழாம் தொட்டி என்று ஒன்று இருந்தது. மற்ற தொட்டிக் குஞ்சுகள் எல்லாம் பண்ணைகளுக்குப் போகும். ஏழாம் தொட்டியில் இருந்தது வெள்ளை இறால், ஏரியிலேயே கொண்டுபோய் விடுவதற்காக வளர்த்தது. அதுவும் எங்கள் குப்பத்துக்கு எதிரே, அண்ணியும் அவர் அம்மாவும் தடவித் தடவிப் பிடித்த அதே சேற்றில். அண்ணி விரல் நீளத்துக்குக் குறைந்த இறாலைப் பார்த்ததே இல்லை. முதல் தடவை லென்ஸ் வைத்துக் காட்டினேன். கண் இமை முடி போல ஒன்று, அதற்குள் இரண்டு கண், நடுவில் தின்ற தீனி ஒரு கோடாகத் தெரிகிறது. அண்ணி வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. அதன் பிறகு காலையில் பையை வைத்ததும் முதலில் ஏழாம் தொட்டிக்குத்தான் போவார். ஆட்கள் தீனி போடுவதற்குள் இவர் போட்டுவிடுவார். யாரும் கேட்டுக்கொள்ளாமலே அது அவர் தொட்டி ஆகிவிட்டது.

அவர் வந்த மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மத்தியானம், ஏழாம் தொட்டியின் தட்டை எடுத்து எண்ணினேன். நூற்று இருபத்தாறு புள்ளி. எழுதினேன்: 1.26 × 10⁶. எழுதிய பிறகுதான் அந்த ஆறு என் கண்ணில் பட்டது. எங்கள் ஹேச்சரியில் பத்தின் தலையில் ஆறு வந்தால் அந்தத் தொட்டியை வைத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்துத் தொட்டிகளுக்குப் பரவுவதற்குள் பிளீச்சிங் பவுடர் போட்டு அத்தனையையும் கொன்று, வடித்துக் கழுவிவிடுவார்கள்.

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார். முகத்துவாரம் மணல் சேர்ந்து பாதி அடைபட்டிருக்கிறது, ஏரித் தண்ணீர் மாறாமல் கெட்டுப்போயிருக்கிறது, மூன்று வாரமாக எல்லாத் தொட்டியிலும் எண்ணிக்கை ஏறித்தான் இருக்கிறது என்றார். நான்கு மணிக்கு ஏழாம் தொட்டியை முடித்துவிடச் சொல்லி ஆட்களுக்குப் போன் போட்டார். மணி அப்போது ஒன்றரை.

லேபுக்குத் திரும்பி அண்ணியிடம் சொன்னேன். அவர் கழுவிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"காலையிலகூடப் பாத்தேனே பாப்பா. துள்ளிக்கினு கீது. ஒண்ணுகூட சோந்து கெடக்கல."

"தட்டுல இருக்கறத நான் இன்னா பண்றது அண்ணி? நூத்தி இருவத்தாறு இருக்குது."

"நோவு வந்த குஞ்சு தீனி தின்னுமா? வயித்துல கோடு நெறைய இருக்குதே."

அவர் சொன்னது சரிதான், எனக்கும் உள்ளுக்குள் அது உறுத்தியது. உறுத்தியதாலேயே கோபம் வந்தது. எண்ணிக்கை பொய் சொல்லாது, கண்ணால் பார்த்துக் கிருமியை எண்ண முடியுமா என்று கத்திவிட்டேன். அண்ணி திருப்பிக் கத்தவில்லை. தானே ஏதாவது தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தணிந்த குரலில் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சே என்று ஆகிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா? எப்படி ஊற்றுகிறீர்கள், காட்டுங்கள் பார்க்கலாம் என்றேன், மூன்று வாரம் கழித்து.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு டிராப்பரை எடுத்தார். ஒரு மில்லிக் கோடு வரைக்கும் உறிஞ்சி, கண்ணுக்கு நேரே பிடித்துச் சரிபார்த்து, முதல் குழாயில் விட்டார். நான் செய்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அப்புறம் டிராப்பரை மறுபடியும் தண்ணீரில் வைத்து இன்னும் கொஞ்சம் எடுத்து, அதே குழாயில் விட்டார். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து இரண்டாவதில் விட்டார். மறுபடியும் போய் இன்னும் கொஞ்சம்.

"அது இன்னாது அண்ணி, ரெண்டாவது?"

"கொசுறு."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவரே விளக்கினார்.

"வெறும் ஒரு மில்லியவா ஊத்தறது? கோடு பாத்து அளந்து ஊத்தினா கஞ்சத்தனமா இருக்காது?"

எங்கள் கரையில் இறாலைக் கூறு கட்டி விற்கிறவர்கள் யாரும் கூறோடு நிறுத்துவதில்லை. வாங்குகிறவர் பையில் கொட்டிய பிறகு, இன்னும் ஒரு சிறங்கை அள்ளி மேலே போட வேண்டும். வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே போட வேண்டும், கேட்ட பிறகு போட்டால் அது கொசுறு இல்லை. சரியாக அளந்து கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும் பெண்ணைப் பற்றிக் குப்பத்தில் இரண்டு தலைமுறைக்குப் பேசுவார்கள். அம்மா கொசுறு போடாமல் நான் பார்த்ததே இல்லை. நானே அங்கே உட்கார்ந்தால் போடுவேன். அண்ணி அதையே கண்ணாடிக் குழாயிலும் செய்திருக்கிறார், குழாய்க்கு ஒன்றாக, மூன்று வாரமாக.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடக்க முடியவில்லை. அண்ணியும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொசுறு எவ்வளவு? பார்த்தவரைக்கும் அரை மில்லி. அப்படியானால் ஒன்பது மில்லியில் விழுந்தது ஒன்று இல்லை, ஒன்றரை. மொத்தம் பத்தரை. பத்தரையில் ஒன்றரை என்றால் ஏழில் ஒரு பங்கு. பத்தில் ஒன்றாக நீர்த்திருக்க வேண்டியது ஏழில் ஒன்றாகத்தான் நீர்த்திருக்கிறது. ஒரு குழாயோடு போனால் பெரிய விஷயம் இல்லை. நான்கு குழாய். நான்கு ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினேன், இரண்டாயிரத்து நானூற்று ஒன்று. நான் பத்தாயிரம் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்தது அவ்வளவுதான். நூற்று இருபத்தாறை அதால் பெருக்கினேன். சரிபார்க்க இன்னொரு முறை பெருக்கினேன். மூன்று லட்சத்துச் சொச்சம். 3.0 × 10⁵.

பேன் ஒன்று இறங்கிவிட்டது.

அந்தச் சின்ன ஐந்தைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அரை மில்லி என்பது விரலில் ஒட்டினால் துடைத்துவிட்டுப் போகிற அளவு. அதை நான்கு முறை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றியதில் நான்கு லட்சம் உயிர் பிளீச்சிங் பவுடருக்குப் போக இருந்தது. அண்ணிக்கு விளக்கிச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கொசுறு போட்டு யாராவது கெட்டுப்போவார்களா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மேனேஜரிடம் போனபோது மணி இரண்டே முக்கால். காகிதத்தை வைத்தேன். அவர் கணக்கைப் பார்த்தார், கணக்கில் குறை இல்லை. ஆனால் அரை மில்லி என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய், ஒரு குழாயில் அரை, ஒன்றில் கால், ஒன்றில் ஒன்றுமே இல்லை என்றால் இந்தக் கணக்கு நிற்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணி எனக்குப் பின்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தப்பு என் மேலதான் சார்," என்றார்.

நான் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், ஒரு நொடி பேசாமல்தான் இருந்தேன். அவர் புதிது, உதவியாள், குடும்பத்து ஆள். என் கையெழுத்தின் மேல் கறை விழாது. அந்த ஒரு நொடிக்காக இன்னும் வெட்கப்படுகிறேன். பிறகு, ஒரே ஒரு முறை காட்டிவிட்டுப் போனது நான், மூன்று வாரம் பக்கத்தில் நின்று பார்க்காதது நான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். யார் தப்பு என்பது தனக்கு இப்போது வேண்டாம், எவ்வளவு தப்பு என்பதுதான் வேண்டும் என்றார் மேனேஜர்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அளவுக் குடுவை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். குழாயில் ஊற்றுவது போலவே இதில் பத்து முறை ஊற்றுங்கள், கொசுறையும் சேர்த்து என்று அண்ணியிடம் சொன்னேன். எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஊற்றினார். சேற்றில் தடவும்போது கையைப் பார்ப்பதில்லையே, அந்தப் பழக்கம். ஒரு மில்லி, கொசுறு. ஒரு மில்லி, கொசுறு. பத்து முடிந்ததும் மேனேஜர் குனிந்து கோட்டைப் பார்த்தார். பதினைந்து. இன்னொரு பத்து ஊற்றச் சொன்னார். மறுபடியும் பதினைந்து. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மேனேஜர் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மெஷினுக்குக்கூட இப்படிக் கை இருக்காது அம்மா என்றார். பிறகு போனை எடுத்து, நான்கு மணி வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரு நாள் மட்டும் பார்க்கலாம், அந்தத் தொட்டியின் வலையும் வாளியும் வேறு எங்கும் போகக் கூடாது, மறுபடியும் சோதித்து நாளைக்குச் சொல் என்றார்.

உடனே புதிதாக எடுத்த தண்ணீரோடு உட்கார்ந்தோம். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். அண்ணி ஒரு மில்லி விட்டுவிட்டுக் கையை நிறுத்தினார். அந்தக் கை மறுபடியும் தண்ணீருக்குப் போகத் துடித்தது எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புவது போல முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போனார். மறுநாள் மத்தியானம் தட்டை எடுத்தேன். இருபத்தெட்டு புள்ளி. 2.8 × 10⁵. அண்ணியை எண்ணச் சொன்னேன், அவருக்கும் இருபத்தெட்டுதான். ரிஜிஸ்டரில் மூன்று வாரக் கணக்கையும் சிவப்பு மையில் திருத்தி, ஒவ்வொரு வரியிலும் என் கையெழுத்தைப் போட்டேன். தண்ணீர் கெடவே இல்லை. அண்ணி வேலைக்கு வந்த நாளிலிருந்து ஏறிய எண்ணிக்கை, திருத்திய பிறகு பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

பத்து நாள் கழித்துக் காலையில் ஏழாம் தொட்டிக் குஞ்சுகளைப் பிளாஸ்டிக் பைகளில் பிடித்து, ஆக்சிஜன் அடைத்துப் படகில் ஏற்றினோம். குப்பத்துக்கு எதிரே தண்ணீர் இடுப்பளவு வரும் இடத்தில் படகு நின்றது. மேனேஜர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார், சுருட்டியது வீண். நான் ரிஜிஸ்டரைப் படகில் வைத்துவிட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் அண்ணி இறங்கிவிட்டார். பைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சாய்த்து அவிழ்த்தோம். குஞ்சுகள் வெளியே வந்தன என்பது கலங்கல் போல ஒன்று பரவியதை வைத்துத்தான் தெரிந்தது. கடைசிப் பையும் காலியானதும் கரைக்குப் போகலாம் என்று நான் காலைத் தூக்கினேன்.

"நவுராத பாப்பா," என்றார் அண்ணி. "மிதிச்சிடப் போற. அதுங்க போவட்டும்."

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே மெதுவாக ஊன்றினேன். மேனேஜரும் அசையவில்லை. மூன்று பேரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். அண்ணி இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு விரல்களை விரித்து வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் விரலில் ஏதாவது இடித்தால் அமுக்கிப் பிடித்த கை அது. எப்போது போகலாம் என்று கேட்டேன்.

"இன்னும் இடிச்சிக்கினே கீது," என்றார், விரலை மடக்காமல்.